உயிரினங்கள் பிரிந்த கதை – 14: ஆறு போட்ட எல்லை

1858-ல் டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்குப் போன கடிதத்தை இந்த வாரம் பிரிக்க வேண்டும். ஆனால் அதை எழுதிய இயற்கையியலாளர் வாலஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடுக்கடலில் செத்திருக்க வேண்டியவர். அதைச் சொல்லாமல் கடிதத்துக்குப் போக மனம் வரவில்லை.

1852 ஆகஸ்ட் 6. அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் அலைந்து, தம்பியை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, ‘ஹெலன்’ என்ற சரக்குக் கப்பலில் இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்தார் வாலஸ். வயது 29. காலையில் சரக்கு அறையிலிருந்து புகை. மரப்பிசின் எண்ணெய் ஏற்றிய கப்பல். தீயை அடக்க முடியவில்லை. சிறு தகரப் பெட்டியில் மீன், பனை ஓவியங்களையும் சில சட்டைகளையும் திணித்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்துப் படகுக்குச் சறுக்கியதில் விரல்களில் தோல் உரிந்தது. உப்புத் தண்ணீர் பட்டு எரிய எரியப் படகுக்குள் ஏறிய நீரை இறைத்தார். கூடவே கொண்டுவந்த குரங்குகளும் கிளிகளும் கப்பலின் முன்முனைக்கு ஓடின. கடலில் விழுந்த ஒரே ஒரு கிளிதான் பிழைத்தது. பத்தாம் நாள் வேறொரு கப்பல் இவர்களைக் கண்டது.

சேகரிப்பு சாம்பல். ஆனாலும் டிசம்பர் 14 அன்று லண்டன் விலங்கியல் கழகத்தில் வாலஸின் குரங்குக் கட்டுரை அரங்கேறியது. என்ன மனிதர்!

அந்தக் கட்டுரை சொன்னது இது: அமேசான், நீக்ரோ, மதெய்ரா ஆறுகளின் இக்கரைக் குரங்குகளில் சில அக்கரையில் இல்லவே இல்லை. அங்குள்ள வேடர்களுக்கு இது தெரிந்த சங்கதி. குறிப்பிட்ட விலங்கு வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து போவார்கள். ஆற்றின் பிறப்பிடத்தை நெருங்க நெருங்க, நீர் ஒடுங்கி, எல்லையும் அழிகிறது. ஆறே மதில் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? இரு கரைகளிலும் தனித்தனியே இனம் பெருகும்போது, ஒரு கரையில் தோன்றிய மாற்றம் மறுகரைக்குப் போக வழியில்லை. தலைமுறைகள் ஓடியபின் இரண்டும் எதிர்ப்பட்டாலும் இணைசேராது, சேர்ந்தாலும் வம்சம் தழைக்காது என்ற நிலை வந்துவிட்டால், அவை இரண்டு இனங்கள். இந்த விளக்கத்தை முழுமையாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

விலங்கு அகப்பட்ட இடத்தைத் துல்லியமாக எழுதாமல் ‘பிரேசில்’, ‘பெரு’ என்று சீட்டு ஒட்டும் அருங்காட்சியகங்களை அந்தக் கட்டுரையிலேயே வாலஸ் கண்டித்தார். கலாபகோஸில் குருவிகளைப் பிடித்த டார்வினும் எது எந்தத் தீவு என்று ஒழுங்காகக் குறிக்காமல், பிற்பாடு கேப்டன் ஃபிட்ஸ்ராயின் சேகரிப்பைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. டார்வின் மேதைதான், இந்த இடத்தில் நான் வாலஸ் கட்சி.

எரிந்த சேகரிப்புக்கு முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். 200 பவுன் வந்தது. 1854-ல் வாலஸ் மறுபடி கப்பல் ஏறினார், மலாய்த் தீவுகளுக்கு. டெர்னாட்டே அங்கேதான் இருக்கிறது.

(தொடரும்)