ஏவப்பட்ட நோய்: வெறியாட்டு முதல் அலைவீச்சு வரை

காரணம் புலப்படாத உடல் துன்பத்தை யாரோ தம்மைக் குறிவைத்து வெளியிலிருந்து ஏவுகிறார்கள் என்று கருதுவது மிகப் பழமையான நம்பிக்கை. தலைவலி, உறக்கமின்மை, தோலின் மீது ஏதோ ஊர்வது போன்ற உணர்வு, காதில் இரைச்சல், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்டல் ஆகியவை இதில் அடிக்கடி கூறப்படும் குறிகள். ஏவுவதாகக் கருதப்படும் ஆற்றல் காலந்தோறும் மாறியுள்ளது. தெய்வம், செய்வினை, காந்தம், மின்சாரம், வானொலி, நுண்ணலை என அது வளர்ந்து வந்திருக்கிறது. துன்பம் மெய்யானது. அதற்குச் சொல்லப்படும் காரணத்தையோ அந்தந்தக் காலமே தருகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய மனிதர் செய்த முயற்சிகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

சங்க இலக்கியத்தில் வெறியாட்டு

தமிழில் இதன் தொன்மையான சான்று குறிஞ்சித்திணைப் பாடல்களில் வரும் வெறியாட்டு. தலைவி உடல் மெலிகிறாள், நிறம் வேறுபடுகிறாள், உண்ண மறுக்கிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியிடமும் வேலனிடமும் கேட்கிறாள். வேலன் கழங்கு இட்டுப் பார்த்து, இது முருகனால் வந்தது என்று கூறி, ஆடு பலியிட்டு வெறியாடுகிறான். ஐங்குறுநூற்றில் 'வெறிப்பத்து' என்று ஒரு பகுதியே உண்டு.

இப்பாடல்கள் வேலன் சொல்லும் காரணத்தை ஏற்பதில்லை. நோய் தலைவனைப் பிரிந்ததால் வந்தது என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். நற்றிணையின் 34ஆம் பாடலில், தன்னால் வராத நோய்க்காக வெறியாடும் களத்துக்கு வந்த முருகனையே தோழி அறியாமை உடையவன் எனக் கடிந்துகொள்கிறாள். ஆனால் தலைவியின் மெலிவைப் பொய் என்று எந்தப் பாடலும் சொல்லவில்லை.

கொங்கு நாட்டு வழக்குகள்

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை உள்ளிட்ட கொங்கு வட்டாரத்திலும், பிற தமிழ்ப் பகுதிகளிலும் இந்நம்பிக்கை செய்வினை, ஏவல், காத்துக் கருப்பு, கண்ணேறு என்னும் பெயர்களில் நிலைத்துள்ளது. உணவில் 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாடம் போடுதல், மந்திரித்துக் கயிறு கட்டுதல், மருந்து எடுத்தல் ஆகியவை இதற்கான பரிகாரங்கள். சொத்துத் தகராறு, பங்காளிப் பகை, திருமண முறிவு ஆகியவற்றை அடுத்து வரும் நோய்க்கே பெரும்பாலும் இக்காரணம் கூறப்படுகிறது. எனவே இந்நம்பிக்கை நோயை விளக்குவதோடு நிற்பதில்லை. குற்றவாளி ஒருவரையும் அது சுட்டிக்காட்டுகிறது. உறவுகள் முறிவதும் அண்டை வீட்டார்மீது பழி விழுவதும் இதன் விளைவுகள்.

காந்தமும் காற்றுத்தறியும்

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெய்வத்தின் இடத்தைக் காந்தம் பிடித்தது. உடலில் ஒரு காந்தப் பாய்மம் ஓடுவதாகவும், அதைச் செலுத்தி நோய் தீர்க்கலாம் என்றும் பிரான்சு மெஸ்மர் என்னும் மருத்துவர் கூறினார். 1784இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் லவாசியரும் இடம்பெற்றனர். காந்தமேற்றிய மரம் ஒன்றைக் கண்டுபிடிக்குமாறு கூறிக் கண்கட்டிய சிறுவன் ஒருவனைத் தோட்டத்தில் நடத்திச் சென்றனர். அவன் காந்தமேற்றாத வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். மயக்கம் உண்மை, காந்தம் காரணமன்று என்பதை இச்சோதனை காட்டியது.

அதன் பின்னர் லண்டனைச் சேர்ந்த தேயிலை வணிகர் ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ், தம்மை ஒரு கும்பல் 'காற்றுத்தறி' என்னும் பொறியால் தாக்குவதாக நம்பினார். வாயுக்களும் காந்த ஆற்றலும் கொண்டு தொலைவிலிருந்து தம் குருதியோட்டத்தை நிறுத்துகிறார்கள், எண்ணங்களை மாற்றுகிறார்கள் என்றார். 1797இல் பெத்லம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவர், அப்பொறியைத் தாமே வரைந்தும் காட்டினார். மருத்துவமனையின் ஜான் ஹஸ்லம் 1810இல் வெளியிட்ட நூலில் அப்படம் உள்ளது. இவ்வகை நம்பிக்கை குறித்து விரிவாக எழுதப்பட்ட முதல் நோயாளர் வரலாறாக இது கருதப்படுகிறது. விசைத்தறி இங்கிலாந்தில் புதிதாகப் பரவிவந்த காலம் அது. மேத்யூஸின் பகைவர் கையில் தறி இருந்தது இதனால்தான் என்று கொள்ளலாம்.

வானொலிக் குரல்கள்

1919இல் வியன்னாவைச் சேர்ந்த விக்டர் டவுஸ்க் இத்தகைய நோயாளர்களை ஆராய்ந்து 'தாக்கப் பொறி' பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தம் உடலில் ஏற்படும் விளங்காத மாற்றங்களைத் தாங்க முடியாத மனம், அவற்றை வெளியே உள்ள ஒரு பொறியின் செயலாகக் காண்கிறது என்பது அவர் விளக்கம்.

1954இல் ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் வா இலங்கைக்குக் கப்பலில் பயணம் செய்தார். வழியில் தம்மைப் பழிக்கும் குரல்களைக் கேட்டார். வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த சிலர் கருவி கொண்டு தம்மைத் துன்புறுத்துவதாக நம்பினார். கப்பலிலிருந்து இடையிலேயே இறங்கி விமானத்தில் கொழும்பு சேர்ந்த பின்னும் குரல்கள் தொடர்ந்தன. லண்டன் திரும்பியபின் மருத்துவர் காரணம் கண்டறிந்தார். உறக்கத்துக்காக அவர் அளவின்றி உட்கொண்ட புரோமைடு மருந்தின் நச்சே அது. மருந்தை நிறுத்தியதும் குரல்கள் நின்றன. இந்த அனுபவத்தை அவர் 1957இல் நாவலாக்கினார்.

சுலோவேனியாவில் 1881 முதல் 2000 வரையிலான மனச்சிதைவு நோயாளர்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, வானொலியும் தொலைக்காட்சியும் பரவிய பிறகு புறத்தாக்கம் பற்றிய பிறழ்நம்பிக்கைகள் மிகுந்தது தெரியவந்தது.

கோபுரங்களும் தூதரகங்களும்

கைபேசிக் கோபுரங்களின் வருகையோடு இவ்வச்சம் பொதுவெளிக்கு வந்தது. இந்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பைப் பன்னாட்டு வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கைபேசிகளுக்கு ஒரு கிலோகிராம் திசுவுக்கு 1.6 வாட் என்பது வரம்பு.

கைபேசி அலைகளால் தலைவலி வருவதாகக் கூறிய 60 பேரையும், அவ்வாறு கூறாத 60 பேரையும் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அலை எப்போது வருகிறது என்பது சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுவோருக்கும் தெரியாது. அலை இல்லாதபோதும் அதே அளவு தலைவலி வந்தது. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் வலியாக மாறுவதை 'நோசிபோ விளைவு' என்பர். கண்கட்டிய சிறுவன் மயங்கி விழுந்ததற்கும் இதுவே விளக்கம்.

அதே வேளையில், எல்லா ஐயமும் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தின் மீது 1953 முதல் 1976 வரை நுண்ணலைகள் உண்மையாகவே செலுத்தப்பட்டன. ஆனால் ஊழியர்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 1978இல் வெளியான ஆய்வு, அவற்றால் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று காணவில்லை. 2016இல் ஹவானாவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்குத் தலைசுற்றலும் காது இரைச்சலும் ஏற்பட்டன. 2021 செப்டம்பரில் அமெரிக்க உளவுத்துறைத் தலைவருடன் இந்தியா வந்த ஒருவருக்கும் இத்தகைய குறிகள் தோன்றியதாகச் செய்திகள் வந்தன. அயல்நாடு ஒன்று இதற்குக் காரணமாக இருப்பது மிகவும் அரிது என 2023இல் அமெரிக்க உளவு அமைப்புகள் மதிப்பிட்டன. விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் காரணம் உறுதியாகும் முன்பே, 2021இல் இயற்றப்பட்ட சட்டம் பாதிக்கப்பட்டோருக்கு உதவித்தொகை வழங்க வழிசெய்தது.

ஏர்வாடியும் அதன் பின்னும்

துன்பத்தை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருளால் குணமாகும் என்று கொண்டுவரப்பட்டு, தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தனர். பேய் பிடித்தது, செய்வினை என்ற நம்பிக்கையால் அத்தலத்தை நாடிவந்த குடும்பங்கள் பல. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இவ்வழக்கை விசாரித்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்கிறது.

பின்னர் ஏர்வாடித் தர்காவில் மருந்தும் வழிபாடும் இணைந்த 'தவா-துவா' திட்டத்தை அரசு நடைமுறைப்படுத்தியது. வழிபடுவோரிடம் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லாமல், அவர்கள் வரும் இடத்திலேயே மருத்துவர் சிகிச்சை தருவது இதன் முறை.

இன்றைய மருத்துவமும் இவ்வழியையே வலியுறுத்துகிறது. 'என்மீது அலை வீசுகிறார்கள்' என்பவரிடம் வாதிட்டு வெல்ல முயன்றால் அவர் மேலும் தனிமைப்படுவார். அதை ஆமோதித்தால் நம்பிக்கை இறுகும். உறக்கம், தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, வலிப்பு, மது, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். மனச்சிதைவு எனில் அதற்கு மருந்துகள் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.