ஒரு சிற்றெழுத்தின் வரலாறு

“அவர் சொன்னதில் ஓர் அயோட்டாகூட உண்மையில்லை” என்று ஆங்கிலம் பேசுவோர் கூறுவதுண்டு. அதையே நாம் “இம்மியும் உண்மையில்லை” என்போம். இம்மி என்பது நம் முன்னோர் கணக்கில் முந்திரியினும் மிகச் சிறியதொரு பின்னம். நமக்கு இச்சொல்லைத் தந்தது கணக்கேடு. ஆங்கிலேயருக்கு அச்சொல்லைத் தந்ததோ நற்செய்தி ஏடு!

அயோட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் ஒன்பதாம் எழுத்து. கிரேக்கர் அதனை இயோட்டா என்பர். ‘இ’ என்னும் ஒலிக்குரிய அதன் வடிவம் மேலிருந்து கீழாக இழுத்த ஒற்றைக் கோடு. அதன் தாய் பெனீசியரின் ‘யோத்’ என்னும் எழுத்து. எபிரேயத்திலும் அதே பெயருடைய எழுத்து உண்டு; எழுத்துகள் அனைத்திலும் அதுவே சிறியது. அனைத்தும் நிறைவேறும்வரை திருச்சட்டத்தின் மிகச் சிறிய எழுத்தும் அழியாது என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார் (மத் 5:18). அவர் குறித்தது யோத் எழுத்தையே என்பது அறிஞர் கருத்து. கிரேக்கத்தில் எழுதிய நற்செய்தியாளர் அதனை இயோட்டா என்றார். இலத்தீன் விவிலியமும் அப்பெயரையே கொண்டது. 1526இல் அச்சான வில்லியம் டிண்டேலின் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் அது ‘ஜாட்’ என்னும் வடிவில் இடம்பெற்றது. ‘மிகச் சிறிய அளவு’ என்னும் பொருளில் அயோட்டா ஆங்கிலத்தில் வழங்கலானது 17ஆம் நூற்றாண்டில்.

இவ்வெழுத்துக்குத் திருச்சபை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இறைமகன் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியா நகரக் குரு ஆரியுஸ் போதித்தார். கி.பி. 325இல் நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அதனை மறுத்து, மகன் தந்தையோடு ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ஒரே உள்பொருள் உடையவர் என அறிக்கையிட்டது. ஒரு தலைமுறை கடந்து, 350களில், ஆயர்கள் பலர் ‘ஹோமோயிஊசியோஸ்’ என்னும் சொல்லை முன்வைத்தனர். உள்பொருளில் ஒத்தவர் என்பது அதன் பொருள். இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் இயோட்டாவே. ஓர் எழுத்துக்காகவா இத்தனைப் பூசல் என்று பிற்காலத்தில் எள்ளியவர்களுள் 18ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனும் ஒருவர்.

அந்த எள்ளல் பொருந்துமா? ‘ஒன்று’ என்பதும் ‘ஒத்தது’ என்பதும் ஒன்றல்ல. நம்மை மீட்க வந்தவர் கடவுளா, கடவுளைப் போன்றவரா என்பது சிறிய கேள்வியன்று. அதற்காகவே அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஏறத்தாழ 45 ஆண்டுகள் நீண்ட அவருடைய ஆயர் பணியில் சுமார் 17 ஆண்டுகள் நாடுகடந்த வாழ்விலேயே கழிந்தன.

ஆயினும் நாம் எளிதில் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. இயோட்டாவைச் சேர்த்த ஆயர்களுள் பலர் ஆரியுசின் சீடர்கள் அல்லர். ‘ஒரே’ என்றால் தந்தைக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாடே மறைந்துவிடுமோ என அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை அத்தனாசியார் புரிந்துகொண்டார். 359ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், இவர்களைப் பகைவராக அல்ல, சகோதரராகக் கருதியே பேசுகிறோம் என்றார். கருத்தில் நம்மோடு ஒன்றியவர்கள், சொல்லில் மட்டுமே தயங்குகிறார்கள் என்பது அவர் கணிப்பு. 362இல் அலெக்சாந்திரியாவில் அவர் கூட்டிய சங்கம், வெவ்வேறு சொற்களால் பேசியவர்களை ஒருவர் கருத்தை மற்றவர் கேட்டறியச் செய்தது. அந்த ஆயர்களோடு ஒரு காலத்தில் சேர்ந்திருந்த எருசலேம் புனித சிரில், 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கத்தில் பங்கேற்றார். இன்று அவர் திருச்சபையின் மறைவல்லுநர்.

நீசேயாச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவு 2025இல் கொண்டாடப்பட்டது. ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் நாம் நாவால் சொல்லும் சொல், இத்தனைத் துன்பத்தில் காக்கப்பட்ட சொல். ஆனால் அதைக் காத்தவர் எழுத்தை விடவில்லை. எழுத்தில் தடுமாறிய மனிதரையும் விடவில்லை. நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் சிறு சொற்களுக்காக நாம் எத்தனை பேரை அயலாராக்கிவிடுகிறோம்! உண்மையில் இயோட்டாவளவும் குறையாதிருப்போம். அன்பிலும் இம்மியளவு குறையாதிருப்போம்.