ஆஸ்கர்னிஷ்: கோல்ஃப் திடலும் மேய்ச்சல் உரிமையும்

ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரடீஸ் தீவுகளுள் ஒன்றான தெற்கு யூயிஸ்ட்டில் ஆஸ்கர்னிஷ் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் கோல்ஃப் கழக வரலாறு பெரும்பாலும் புதையல் கதையாகவே சொல்லப்படுகிறது: 1891இல் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ஓல்ட் டாம் மாரிஸ் அங்கு 18 குழித் திடல் ஒன்றை வகுத்தார், அது மணல்மேடுகளில் மறைந்துபோனது, 2005இல் திடல் பராமரிப்பு வல்லுநர் கார்டன் இர்வின் அதைக் கண்டெடுத்தார், 2008இல் திடல் மீண்டும் திறக்கப்பட்டது. இதில் பொய்யான செய்தி ஏதுமில்லை. ஆனால் நிலத்தை யார் ஆண்டார்கள், யார் மாடு மேய்த்தார்கள் என்பதை இக்கதை விட்டுவிடுகிறது. ஆஸ்கர்னிஷ் கழகத்தின் வரலாறு அடிப்படையில் நில உரிமையின் வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாரிஸை வரவழைத்தவர் பண்ணையுடைமையாளர் எமிலி கார்டன் கேத்கார்ட் சீமாட்டி. அவருடைய முதல் கணவரின் தந்தை கர்னல் ஜான் கார்டன், 1851இல் தெற்கு யூயிஸ்ட், பார்ரா பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 1,700 பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்றியவர். சிறு துண்டு நிலங்களைக் குத்தகைக்குப் பயிரிட்ட கிராஃப்டர் குடியானவர்களுக்கு 1886ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பளித்தது. இழந்த நிலத்தைத் திருப்பித் தரவில்லை. அதற்கு ஐந்தே ஆண்டுகளில், அத்தீவில், விருந்தினரின் விளையாட்டுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இந்த வரிசையை மறந்து 1891ஐ ஒரு கலைஞனின் வருகையாக மட்டும் கொண்டாடுவது வரலாறாகாது. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்கர்னிஷ் பண்ணை பிரிக்கப்பட்டுக் கிராஃப்டர்களின் கைக்கு வந்தது.

மாரிஸின் பெயர் இல்லாவிட்டால் இத்திடலை யார் தேடியிருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அப்பெயரே வெளியுலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அவர் வரைந்த திட்டப்படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆதலால் இன்றைய குழிகள் நில அமைப்பைப் படித்துச் செய்த ஊகம்; அந்த ஊகத்துக்கு இடம் தந்ததோ கால்நடைகள். கிளிஞ்சல் மணல் படிந்த அக்கரைப் புல்வெளியில் மாடும் ஆடும் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருந்தன. அதனால்தான் பெரிய மண்வேலையின்றித் திடலை மீட்க முடிந்தது. தொலைந்ததாகச் சொல்லப்படும் திடல் உண்மையில் மேய்ச்சல் நிலமாகப் பயன்பாட்டில்தான் இருந்தது.

இதைவிடக் கடினமான மறுப்பொன்று உண்டு. 2006இல் ஏறக்குறைய 93,000 ஏக்கர் கொண்ட முழுப் பண்ணையுடைமையும் ஸ்டோராஸ் யூயிஸ்ட் என்னும் மக்கள் அமைப்பின் உடைமையானது. ஊராரே நிலவுடைமையாளர் ஆன பின்பும் கிராஃப்டர்கள் சிலர் தங்கள் மேய்ச்சல் உரிமைக்காகத் திடலை எதிர்த்து நில நீதிமன்றத்தில் வழக்காடியது தன்னலமல்லவா? அவ்வாறு கொள்ள முடியாது. பொதுவுடைமை வேறு, ஒரு குடும்பத்துக்குரிய மேய்ச்சல் பங்கு வேறு. பெரும்பான்மையினருக்கு வருவாய் தரும் என்பதாலேயே அப்பங்கு தானாகக் கரைந்துவிடாது. உடைமையாளரின் விருப்பத்துக்கு எதிராகக் குடியானவரைக் காக்கவே 1886இன் சட்டம் பிறந்தது, அந்த உடைமையாளர் சீமாட்டியாயினும் ஊராராயினும். திடலால் தீவுக்கு வேலையும் வருகையாளரும் கிடைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றும் குளிர்காலத்தில் அங்கு கால்நடைகள் மேய்கின்றன. ஆகவே இக்கழகத்தின் வரலாற்றை எழுதுபவர் ஆட்டக்காரர்களின் நினைவுகளுக்கு முன் குத்தகைப் பதிவேடுகளையும் நில நீதிமன்ற ஆவணங்களையும் திறக்க வேண்டும்.