முன்கூட்டியே விழும் வாக்கு: லூமுட்டில் ஒரு கணக்கு, பத்து காஜாவில் வேறு கணக்கு

பத்து காஜா – கடந்த 15ஆவது பொதுத் தேர்தலில் பேராக் மக்கள் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் 2022 நவம்பர் 19ஆம் தேதி ஒரே நாளில் வாக்களித்தனர். இராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் மட்டும் தேர்தல் நவம்பர் 15ஆம் தேதியே முடிந்திருந்தது. 'உண்டி அவால்' எனப்படும் முன்கூட்டிய வாக்களிப்பு அதுதான்.

இம்முறை 2013 பொதுத் தேர்தலில்தான் அறிமுகமானது. அதற்கு முன்பு இவர்கள் தபால் வாக்காளர்கள். தபால் வாக்கு எங்கே, யார் முன்னிலையில் போடப்படுகிறது என்ற சந்தேகம் நீண்ட காலம் இருந்தது. இப்போது வாக்குச்சாவடி உண்டு, வேட்பாளரின் முகவர்கள் கண்காணிக்கலாம். பெட்டிகள் போலீஸ் நிலைய லோக்காப்பில் பூட்டி வைக்கப்பட்டு, வாக்களிப்பு நாளன்று எண்ணப்படுகின்றன. முதல் ஆண்டிலேயே விரல் மை கழுவினால் போய்விடுகிறது என்ற புகாரும் எழுந்தது.

கட்சிகளுக்கு இதில் முதல் சிக்கல் நாள் கணக்கு. 2018இல் வேட்புமனு தாக்கல் ஏப்ரல் 28, முன்கூட்டிய வாக்களிப்பு மே 5, பொது வாக்களிப்பு மே 9. படைவீரர்களைக் கவர வேட்பாளருக்குக் கிடைத்தது ஒரே வாரம். கடைசி இரவு செராமாவில் எவ்வளவு முழங்கினாலும் அந்த வாக்குகள் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டன. முகாம் வாசலைத் தாண்டி நினைத்தபடி பிரச்சாரம் செய்யவும் முடியாது. ஆகவே, சம்பளம், வீடு, ஓய்வூதியம் பற்றிய வாக்குறுதிகளை முதல் வாரத்திலேயே சொல்லியாக வேண்டும்.

வேட்பாளர் தேர்விலும் இது தெரிகிறது. கடற்படைத் தளம் உள்ள லூமுட்டில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியான இம்ரான் அப்துல் ஹமிட்டை 2013இல் பிகேஆர் நிறுத்தி வென்றது. 2022இல் பெரிக்காத்தான் நேஷனல் சார்பில் வென்ற நோர்டின் அகமட் இஸ்மாயிலும் முன்னாள் கடற்படை அதிகாரியே. இடையில், 2018இல் அமானாவின் ஹத்தா ராம்லி அங்கு வென்றது வெறும் 400 வாக்கு வித்தியாசத்தில். அப்படிப்பட்ட தொகுதியில் முகாம் வாக்கை யார் அலட்சியம் செய்வார்? ஈப்போவுக்கு அருகே உலு கிந்தாவில் பொது நடவடிக்கைப் படை முகாம் இருப்பதால், தம்புன் தொகுதியிலும் இதே கவனம் தேவைப்படுகிறது. அங்கு 2022இல் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பெற்ற பெரும்பான்மை 3,736.

ஜெலாப்பாங், மெங்லெம்பு, துரோனோ ஆகிய சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்ட பத்து காஜாவின் நிலை வேறு. 2013 முதல் வி.சிவக்குமார் ஜசெக சார்பில் பெரிய பெரும்பான்மையில் வென்று வரும் இத்தொகுதியில் முகாம் வாக்குகள் முடிவை மாற்றுவதில்லை. இங்குள்ள கவலை, வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போன தோட்டத்துப் பிள்ளைகள். பெயர் இங்கே, பிழைப்பு அங்கே. தீபகற்பத்திற்குள் வேறு மாநிலத்தில் வேலை செய்கிறார் என்பதற்காக யாருக்கும் முன்கூட்டிய வாக்கு கிடையாது. பஸ் டிக்கெட், லீவு, பெட்ரோல் எல்லாம் அவரவர் பாடு. 2018இல் வாக்களிப்பு புதன்கிழமை என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகே அந்நாள் பொது விடுமுறையானது.

வெளியூர் வாக்காளர்களுக்கும் வசதி செய்து தர வேண்டும் என்று பெர்சே கோரி வருகிறது. அது நடந்தால், வீடு வீடாகப் போகும் கட்சிக்காரர்கள் பெற்றோரிடம் முதலில் பிள்ளைகளின் கைப்பேசி எண்ணைத்தான் கேட்பார்கள். தற்போதைக்குத் தபால் வாக்குக்குத் தகுதியுள்ளோர், குறிப்பாக வெளிநாட்டில் இருப்போர், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதுமே தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.