சிறைக்குள் ஒரு கவலை



வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கையில் பாடத்தில் மனம் பதிவதில்லை. கண் எழுத்தின்மீது இருக்கும். காதோ வீட்டிலிருந்து வரும் செய்தியை எதிர்பார்த்திருக்கும். ஆசிரியப் பணியில் இத்தகைய மாணவர் பலரை நான் கண்டதுண்டு. "கவலைப்படாதே" என்னும் சொல் அவர்களுக்கு உதவுவதில்லை. ஆகவே, நம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியை அவர்களுக்கு எடுத்துரைப்பது என் வழக்கம். அதனையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

1934ஆம் ஆண்டில் ஜவஹர்லால் நேரு இரண்டாண்டுத் தண்டனை பெற்று டேராடூன் சிறையில் இருந்தார். அவருடைய மனைவியார் கமலா அலகாபாத்தில் காசநோயால் நலிந்துகொண்டிருந்தார். ஆகஸ்டு மாதத்தில் கமலாவின் நிலை மோசமாகவே, அரசாங்கம் நேருவை விடுவித்தது. 11 நாட்கள் சென்றதும் மீண்டும் கைது செய்து நைனிச் சிறையில் அடைத்தது. நைனி யமுனையின் மறுகரையில் உள்ள ஊர். வீடோ சில மைல் தொலைவில். ஆயினும் என்ன? இரண்டு வாரங்கள் மருத்துவரின் அறிக்கை நாள்தோறும் வந்தது. பின்னர் அதுவும் நின்றது. நோய் முற்றுகிறது என்று அறிந்தும் செய்தி வாராத நாட்கள், தாங்க முடியாதபடி நீண்டன என்று நேருவே எழுதியுள்ளார்.

அரசியலில் ஈடுபடுவதில்லை என்று வாக்களித்தால் விடுதலை பெற்று மனைவியின் அருகில் இருக்கலாம் என்னும் யோசனை அப்போது அவர் காதுக்கு எட்டியது. எத்தகைய சோதனை, எண்ணிப் பாருங்கள்! அக்டோபரில் மனைவியைக் காண அவரை அழைத்துச் சென்றனர். கமலா கடுங்காய்ச்சலில் கிடந்தார். நேரு விடைபெறும் வேளையில், கமலா புன்னகை செய்து, அவரைக் குனியுமாறு குறிப்புக் காட்டி, அந்த வாக்குறுதியைத் தர வேண்டாம் என்று காதோடு சொன்னார். தேற்றுவதற்கென்று சென்றவர் தேறுதல் பெற்றுத் திரும்பினார்.

பின்னர்க் கமலா பவாலியிலுள்ள காசநோய் மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். நேரு அருகிலுள்ள அல்மோராச் சிறைக்கு மாற்றப்பட்டார். சில வாரங்களுக்கு ஒரு முறை மனைவியைக் கண்டுவர அனுமதி கிடைத்தது. எஞ்சிய நாட்களில் அவர் செய்தது யாது? எழுதினார். 1934 ஜூனில் தொடங்கிய தம் சுயசரிதையை 1935 பிப்ரவரியில் முடித்தார். நீண்ட சிறைத் தனிமையில் மனத்தை ஒரு திட்டமான வேலையில் ஈடுபடுத்துவதே அதன் முதல் நோக்கம் என்று முன்னுரையில் வெளிப்படையாகக் கூறுகிறார்.

1935 மே மாதம் சிகிச்சைக்காகக் கமலா ஐரோப்பா சென்றார். செப்டம்பர் 4ஆம் நாள் விடுதலையான நேரு, விமானமேறி ஜெர்மனியிலுள்ள பாடன்வைலருக்கு விரைந்தார். அங்கே நோயாளியின் அருகில் அமர்ந்து, பேர்ல் பக் எழுதிய 'நல்ல பூமி' என்னும் நாவலைச் சிறிது சிறிதாகப் படித்துக் காட்டினார். அது கமலாவுக்குப் பிடித்திருந்தது. 1936 பிப்ரவரி 28ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கமலா காலமானார். தாயகம் திரும்பும் வழியில் பாக்தாதிலிருந்து நேரு பதிப்பாளருக்குத் தந்தி கொடுத்து, அந்தச் சுயசரிதையை மறைந்த கமலாவுக்கே காணிக்கையாக்கினார்.

அவர் எழுதிய நூல் கமலாவின் நோயைத் தீர்க்கவில்லை. அவர் கவலையையும் அகற்றவில்லை. கவலையும் வேலையும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருந்தன; அவ்வளவே. எனினும், எட்டு மாதங்களும் வீணே கழியாமல், நாட்டு வரலாற்றை அறிய உதவும் ஒரு நூல் நமக்குக் கிடைத்தது. அருகில் செல்ல வாய்த்தபோது, தம் அச்சத்தை நோயாளியின்மேல் சுமத்தாமல் கதை படித்துக் காட்டவும் அவரால் இயன்றது.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய நாள் வரக்கூடும். அன்று, நோயைப் பற்றி மருத்துவரிடமோ பெரியவர்களிடமோ தெளிவாகக் கேட்டறியுங்கள். அறியாமையில் அச்சம் பெருகும். பிறகு, அந்த ஒரு நாளுக்குரிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் நோயாளியின் அருகில் அமர்ந்து, அன்றைய செய்தித்தாளைப் படித்துக் காட்டுங்கள். துயரம் தாங்காதபோது ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கும் செவியுடைய ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்.