இஞ்சி வேர் போன வழி

‘ஜிஞ்சர்’ தமிழ்ச்சொல் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழுகிறது. நாட்டு மருந்துக்கடையில் சுக்கு நிறுத்துக் கொடுக்கும் எனக்கு, அந்தச் சொல் போய்ச் சேர்ந்த வழிதான் அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆங்கிலேயர் மருத்துவக் குறிப்புகளில் அது ஏறி ஆயிரம் ஆண்டு ஆகிறது. அவர்களுக்குக் கொடுத்தது லத்தீன்; லத்தீனுக்குக் கொடுத்தது கிரேக்கம். கிரேக்கத்தில் அதன் பெயர் ‘ஸிங்கிபெரிஸ்’. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் அதன் குணங்களை எழுதும்போது, எளிதில் கெட்டுப்போவதால் ஊறவைத்துச் சாடிகளில் இத்தாலிக்கு அனுப்பினார்கள் என்கிறார். அதே நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி விலையே குறித்திருக்கிறார்: ராத்தல் 6 தெனாரியஸ். அன்று கருமிளகு 4 தான்.

மிளகுக்கொடியின் வேர்தான் இஞ்சி என்று அங்கே சிலர் நம்பியிருந்தார்கள். அதைத் திருத்திய பிளினியோ, அரபு நாட்டில் விளைவது என்று எழுதிவிட்டார். சரக்கு செங்கடல் வழியாக வந்ததால், கப்பல் வந்த திசையையே விளைந்த ஊராக எண்ணிக்கொண்டார்கள்.

ஆனால் பெயர் இந்தியாவைக் காட்டுகிறது. பாலி மொழியில் அது ‘சிங்கிவேர’. சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேரம்’, சிருங்கம் என்றால் கொம்பு, ஆகவே கொம்பு போன்ற உடல் என்று பொருள் சொன்னார்கள். கிழங்கைப் பார்த்தால் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அது கேட்ட சொல்லுக்குப் பின்னால் கட்டிய விளக்கம் என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. அவர்கள் அதில் காண்பது திராவிடத்தின் ‘இஞ்சி’யையும் ‘வேர்’ என்பதையும். ஆலன் ராஸ் இந்த ஒரு சொல்லுக்காகவே 1952இல் ஒரு நூல் எழுதினார்.

இஞ்சியில் இல்லாத ‘ச’ பாலியில் எப்படி வந்தது? தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் பலமுறை உதிர்ந்திருப்பதை தாமஸ் பரோ காட்டினார். சிறகு இறகானது, சிப்பி இப்பியானது நம் கண்முன்னே இருக்கிறது. சகரம் உதிருமுன் வடக்கே போன சொல் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

‘இஞ்சி’ மலையாளத்திலும் உண்டு. அதன் பழைய வடிவம் இம்மொழிகளுக்குப் பொதுவானது. அதனால் மேடையேறும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தமிழ் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பாலியையும் கிரேக்கத்தையும் லத்தீனையும் வரிசையாகச் சொல்லுங்கள். இஞ்சி பயிரிட்டவர் யாரையும் பிளினி அறியவில்லை; அவர்கள் இட்ட பெயரைத்தான் தம் நூலில் எழுதிவைத்தார். அதைச் சொல்லும்போதுதான் அவர்களுக்கு உரிய பெருமை போய்ச் சேரும்.