ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு

ஒலிநாடா கோலோச்சிய நாளில், விருப்பமான பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கடைவீதியிலிருந்த ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து 60 அல்லது 90 நிமிஷக் கேசட்டாக அவற்றைப் பெற்றுவரும் சம்பிரதாயம் தமிழ்நாட்டில் நிலவியதை நடுவயதினர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தச் சம்பிரதாயத்தின் கடைசி வாரிசு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவி, ஒரு தலைமுறைகூட நீடிக்காமல் மறைந்த எம்பி3 சிடி.

ஓங்கி ஒலிக்கும் நாதத்தையொட்டி எழும் மெல்லிய நாதம் மனிதச் செவிக்கு எட்டுவதில்லை என்ற சூக்ஷ்மத்தை ஆதாரமாகக் கொண்டு, கேளாத பகுதியைக் கழித்துப் பாட்டைச் சுருக்கும் வித்தையை, ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் வளர்த்தெடுத்தனர். அதற்கு எம்பி3 என்ற பெயர் நிலைத்தது 1995-இல். சாதாரண முறையில் 80 நிமிஷம் மட்டுமே கொள்ளும் 700 எம்பி தட்டில், வினாடிக்கு 128 கிலோபிட் என்ற கணக்கில் சுருக்கினால் 12 மணி நேரத்துக்குக் குறையாத சங்கீதம் அடங்கிவிடும். சென்னையில் கிளம்பியவர் கன்னியாகுமரிப் பக்கம் போய்ச் சேரும்வரை தட்டை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் கார் ஸ்டீரியோ கணினியைப்போல இணக்கமான யந்திரமன்று. முகப்பில் எம்பி3 என்று பொறித்திராத பழைய ஸ்டீரியோ அத்தட்டை ஏறிட்டும் பாராது. எழுதி முடித்த தட்டைப் பின்னும் சேர்ப்பதற்கு இடம் வைத்து மூடாமல் விட்டால், வீட்டில் பாடியது காரில் ஊமையாகிவிடும். பெயரைக் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டினாலோ, வெயிலில் நின்ற வண்டியின் உஷ்ணத்தில் பசை இளகி, உள்ளே போன தட்டு வெளியே வர மறுக்கும். ஆகவே அனுபவஸ்தர்கள் மார்க்கர் பேனாவோடு நிறுத்திக்கொண்டார்கள். சில ஸ்டீரியோக்கள் பாட்டின் பெயரில் முதல் எட்டு எழுத்தை மட்டும், அதுவும் ஆங்கில எழுத்தில் மட்டும், காட்டின; அந்த எட்டு எழுத்தும் ஒன்றாய் அமைந்த பாட்டுகள் எத்தனை இருந்தாலும் அந்தச் சிறு திரையில் ஒரே முகம்தான். அகரவரிசைப்படியே பாடும் யந்திரங்களும் இருந்தமையால், வரிசை குலையாதிருக்க ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 001, 002 என்று எண்ணிடும் வழக்கம் ஏற்பட்டது.

கேசட்டில் ஒரு பாட்டைச் சேர்க்க வேறொன்றை விலக்க வேண்டியிருந்தது. அந்தத் தயக்கத்தில்தான் ரசனை வேலை செய்தது. சிடியிலோ, இடம் மிச்சமிருக்கிறதே என்பதற்காகவே பாட்டுகள் ஏறின. எம்.எஸ்.விஸ்வநாதனுக்கொரு ஃபோல்டர், இளையராஜாவுக்கொரு ஃபோல்டர், பிராதக்காலத்துக்குப் பக்திப் பாடல்கள் என்று முறையாகப் பிரித்தடுக்கிய நல்ல கைகளும் இருந்தன. மற்றவர்களின் தட்டுகள் மூட்டையில் திணித்த துணிகள்தாம். கடைகளில் மலிவாக விற்ற தட்டுகளில் பெரும்பாலானவற்றால், பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு காசும் சேரவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

பென்டிரைவும் புளூடூத்தும் வந்தபின் தட்டு நுழையும் வாயே புதிய கார்களில் இல்லாமற்போயிற்று. 2017-இல் ஃபிரான்ஹோஃபரும் எம்பி3 உரிமத்திட்டத்தை முடித்துக்கொண்டது. எழுதும் சிடியில் பாட்டைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப்பூச்சு. வெளிச்சமும் உஷ்ணமும் அதைக் காலப்போக்கில் கெடுத்துவிடும். பழைய தட்டுகளைப் பத்திரப்படுத்தியிருப்போர், சிடி டிரைவ் உள்ள கணினி ஒன்று கைக்கெட்டும்போதே அவற்றை மாற்றி வைத்துக்கொள்வது உசிதம்.